ஆவாரம்பட்டையும் அப்பாவின் தொப்பையும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா ஆம்பூர். ஞாயித்துக்கிழமை மத்தியானம், வழக்கம்போல பிரியாணி. சீரக சம்பா அரிசி, கத்திரிக்காய் தொக்கு, தயிர் வெங்காயம். சாப்பிட்டு முடிச்சதும் அப்பா எழுந்து போய் ஃப்ரிட்ஜ் மேல இருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பொடி. ஒரு ஸ்பூன் மோரில் கலக்கி மடக் மடக்குன்னு குடிச்சார்.

"என்னப்பா இது?"

"ஆவாரைப் பஞ்சாங்கம்டா. வேர், பட்டை, இலை, பூ, காய் அஞ்சும் சேர்ந்தது. சாப்பாட்டுல இருக்கற கொழுப்பை உடம்புல சேரவே விடாது. ஆராய்ச்சியிலயே நிரூபிச்சிருக்காங்களாம். வாட்ஸப்ல வந்துச்சு."

சரி, ஏதோ குடிக்கிறார், குடிச்சிட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன். ஆனா சாயந்திரம் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தா, சர்க்கரை மாத்திரை அட்டை முக்கால்வாசி அப்படியே இருக்கு. மூணு வாரமா போடலை. "இதுதான் குடிக்கிறேனே, அந்தக் கெமிக்கல் வேற எதுக்கு?" என்றார்.

சண்டை போட வாய் வரைக்கும் வந்தது. போடலை. எங்க வீட்ல சண்டை போட்டு யாரும் எதையும் மாத்திக்கிட்டதில்லை. அதுக்குப் பதிலா அந்த 'ஆராய்ச்சி'யைத் தேடிப் பார்ப்போம்னு பெங்களூர் திரும்பினதும் உட்கார்ந்தேன். தேடப் போனது கணையத்தைப் பத்தி. போய் நின்ன இடம் எங்க தாத்தா வேலை செஞ்ச தோல் ஷாப்பு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

*

எங்க தாத்தா ஆம்பூரில் ஒரு டேனரியில் குழி வேலை செஞ்சவர். குழின்னா பட்டைத் தண்ணிக் குழி. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டார். அவரைப் பத்தி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கறது அவர் உள்ளங்கைதான். செம்பழுப்பா, வெடிச்சு, காய்ஞ்ச பனை மட்டை மாதிரி இருக்கும். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் அந்தக் கை மாறலை. "ஆவாரம்பட்டை புடிச்ச கைடா இது" என்பார்.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... பாலாற்றை ஒட்டி வரிசையா வர்ற இந்த ஊர்களுக்கெல்லாம் தோல்தான் சோறு. (2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சதில் ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போ திருப்பத்தூர் மாவட்டம்.) முதலாளிகளில் பெரும்பாலானவங்க முஸ்லிம் வியாபாரிகள். குழியில் இறங்கினவங்களில் பெரும்பாலானவங்க தலித்துகள். எங்க தாத்தாவும்தான். இதைச் சொல்லாம தோலோட வரலாறை எழுதினா அது பாதி வரலாறு.

ஆவாரம்பட்டையில் தோல் பதனிடறது இங்கே காலங்காலமா தெரிஞ்ச வேலைதான். அதை ஏற்றுமதித் தரத்துக்குக் கொண்டு வந்ததா எழுதி வச்சிருக்கறது சார்லஸ் டி சூசா என்பவர் பேரை. பாண்டிச்சேரியிலிருந்து மெட்ராசுக்கு வந்த யூரேசியர். 1840-களில் அவர் முறையை ஒழுங்குபடுத்தினார், அதைப் பார்த்து மத்தவங்க கத்துக்கிட்டாங்க. அப்படிப் பதனிட்ட தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல்னே பேர். முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தோட பூட்ஸுக்கு இந்தத் தோல்தான் வேணும்னு அரசாங்கமே மொத்தமா வாங்கிக்கிச்சு.

வேலை எப்படின்னு அப்பா சொல்லக் கேட்டது. உப்புப் போட்டு வந்த தோலை முதலில் தண்ணியில் ஊற வைக்கணும். அப்புறம் சுண்ணாம்புக் குழி. அதில் கிடந்தா முடி கழண்டு வரும். உள்பக்கம் ஒட்டியிருக்கற சவ்வையும் கொழுப்பையும் கத்தியால சுரண்டி எடுக்கணும். சுண்ணாம்பு போகக் கழுவணும். அப்புறம்தான் பட்டைத் தண்ணி. முதலில் பல தடவை பயன்படுத்தின நீர்த்த தண்ணி, அடுத்தடுத்து கெட்டியான தண்ணின்னு குழி மாத்தி மாத்திப் போடணும். எடுத்த எடுப்பிலேயே கெட்டித் தண்ணியில் போட்டா மேல்தோல் மட்டும் இறுகிப் போய் உள்ளே சாரம் இறங்காது. வாரக்கணக்கில் இது நடக்கும். ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் பட்டா சிவந்து போகும். அதுக்காகக் கடைசியில் கடுக்காய்த் தண்ணி. பிறகு எண்ணெய் போட்டுக் காய வைக்கறது.

இத்தனைக்கும் பிறகு கையில் வர்ற பொருள் என்ன? அழுகாத தோல். செத்த மாட்டுத் தோலை அப்படியே போட்டா பாக்டீரியாக்கள் தங்களோட என்சைம்களை வச்சு அதைச் செரிச்சுத் தின்னுடும். பட்டைத் தண்ணியில் ஊறின தோலை அதுங்களால லேசில் செரிக்க முடியாது. மொத்த டேனரி வேலையையும் ஒரே வரியில் சொல்லணும்னா, செரிக்க முடியாதபடி செய்யறது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

*

பட்டைக்குள்ள அப்படி என்ன இருக்கு? டேனின். துவர்ப்புச் சத்துன்னு சொல்லலாம். ஆவாரம்பட்டையில் நூத்துக்கு 15 முதல் 20 பங்கு வரைக்கும் இது இருக்கும். கடுக்காயில் இன்னும் அதிகம். டேனின் மூலக்கூறு பெருசு, அதைச் சுத்திலும் நிறைய கொக்கிகள். புரதம் எங்கே கிடைச்சாலும் அந்தக் கொக்கிகளால் பிடிச்சுக்கும். தோலில் இருக்கற கொலாஜன் ஒரு புரதம். பக்கத்துப் பக்கத்து கொலாஜன் இழைகளைக் கொக்கி போட்டுக் கட்டிட்டா அது பதனிட்ட தோல்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம், ஒரு பொருளில் டேனின் எவ்வளவு இருக்குன்னு அளந்த விதம். 1803-ல் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி (ஆமா, சுரங்க விளக்கு டேவிதான்) தோல் பதனிடற தாவரப் பொருள்களைப் பத்தி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவர் மேசைக்குப் பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் காசுக்கட்டி போயிருந்தது. நம்ம வெத்தலையோட மெல்ற அதே காசுக்கட்டி. கரைசலில் ஜெலட்டினை விடுவார். ஜெலட்டினும் கொலாஜனிலிருந்து வர்ற புரதம்தான். டேனின் அதைப் பிடிச்சுக்கிட்டு அடியில் தங்கும். அந்த வண்டலை எடை போட்டா கணக்கு கிடைச்சிடும்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்னும் நேரடியான ஒரு முறை வந்தது. தோலையே பொடியாக்கி, பட்டைக் கரைசலில் போட்டுக் குலுக்கறது. தோல் தூள் எதை உறிஞ்சி எடுத்துக்கிச்சோ அது டேனின். கரைசலில் எது மிச்சமோ அது டேனின் இல்லை. தோல் வியாபாரத்தில் காசு கொடுக்கறதே இந்தக் கணக்கை வச்சுத்தான். இந்தத் தோல் தூளையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

வாயில் நடக்கறதும் இதேதான். கடுக்காயைக் கடிச்சா நாக்கு இழுத்துப் பிடிக்குமே, ஏன்? எச்சிலில் புரோலின் நிறைஞ்ச சில புரதங்கள் இருக்கு. டேனின் அதுங்களைப் பிடிச்சு வண்டலாக்கிடுது. எச்சிலோட வழவழப்பு போயிடுது. நாம துவர்ப்புன்னு அறுசுவையில் ஒண்ணா வச்சிருக்கறது, வாய்க்குள்ள நடக்கற ஒரு குட்டி டேனரி.

*

இப்போ கணையத்துக்கு வருவோம்.

கொழுப்பு எங்கே, எப்படிச் செரிக்குதுன்னு ரொம்ப காலம் யாருக்கும் சரியாத் தெரியாது. 1840-களின் கடைசியில் பாரிசில் கிளாட் பெர்னார்ட் முயல்களை அறுத்துப் பார்த்துக்கிட்டிருந்தார். முயலில் ஒரு வசதி. பித்தக் குழாய் குடலின் ஆரம்பத்திலேயே திறக்கும், கணையக் குழாயோ குடலில் நல்லா தள்ளிப் போய்த்தான் திறக்கும். கொழுப்பு கொடுத்த முயலோட குடலைப் பார்த்தா, கணைய நீர் வந்து சேர்ற இடத்துக்குக் கீழேதான் குடலிலிருந்து கிளம்பற நிணநீர்க் குழாய்கள் பால் மாதிரி வெளுத்திருக்கு. அதுக்கு மேலே, பித்த நீர் மட்டும் இருக்கற பகுதியில் அப்படி இல்லை. அப்போ கொழுப்பை உடைக்கறது கணைய நீர்தான்னு அவர் முடிவுக்கு வந்தார். அதைச் செய்யற என்சைம்தான் லைபேஸ். நாம சாப்பிடற கொழுப்பு அப்படியே குடலுக்குள் போகாது. லைபேஸ் வெட்டித் துண்டாக்கினாத்தான் உள்ளே போகும். லைபேஸைத் தடுத்தா கொழுப்பு வந்த வழியே வெளியே போயிடும். அப்பாவோட வாட்ஸப் செய்திக்கு அடிப்படை இதுதான். இது வரைக்கும் உண்மை.

கணையமும் டேனரியும் சந்திச்ச இடம் ஒண்ணு வரலாற்றில் இருக்கு. சுண்ணாம்புக்கு அப்புறம், பதனிடறதுக்கு முன்னாடி, தோலை மென்மையாக்கறதுக்குப் பழைய காலத்தில் ஐரோப்பாவில் நாய் விட்டையையும் பறவை எச்சத்தையும் கரைச்சு அதில் ஊற வைப்பாங்க. (நாத்தம் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுக்கோங்க.) ஜெர்மனியில் ஆட்டோ ரோம் என்ற வேதியியலாளர், இதில் வேலை செய்யறது செரிமான என்சைம்கள்தான்னு கணிச்சு, கசாப்புக் கூடத்தில் வீணாப் போன கணையங்களிலிருந்து சாறெடுத்து 1907 வாக்கில் ஒரு மாற்றுப் பொருளைக் கொண்டு வந்தார். டேனரிக்குள் கணையம் வந்தது அப்படித்தான். பிற்காலத்தில் தோலில் இருக்கற கொழுப்பை எடுக்கறதுக்குன்னே லைபேஸும் வந்தது.

ஆனா ஒரு வரிசை முக்கியம். என்சைம் வேலையெல்லாம் முதலில், பட்டைத் தண்ணி அப்புறம். மாத்திச் செய்ய முடியாது. டேனின் இருக்கற இடத்தில் என்சைம் எடுபடாது. ஏன்னா என்சைமும் ஒரு புரதம்தான். டேனினுக்கு கொலாஜன், ஜெலட்டின், எச்சில், லைபேஸ் எல்லாம் ஒண்ணுதான். கிடைச்சதைப் பிடிக்கும்.

*

இப்போ அந்த 'ஆராய்ச்சி'. தேடினா இலைச் சாறு லைபேஸைத் தடுக்குதுன்னு உலகம் முழுக்க கட்டுரைகள் கொட்டிக் கிடக்கு. தேயிலை, கொய்யா இலை, கடுக்காய், நெல்லி... எதை எடுத்தாலும் ஒண்ணு இருக்கும். செய்முறையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த லைபேஸ், அது வெட்டினா மஞ்சள் நிறம் வர்ற மாதிரி ஒரு ரசாயனம், அதோட கொஞ்சம் இலைச் சாறு. மஞ்சள் குறைஞ்சா சாறு லைபேஸைத் தடுத்திடுச்சுன்னு அர்த்தம். கட்டுரை ரெடி.

சாஃப்ட்வேர்காரனா எனக்கு இதில் உடனே ஒரு சந்தேகம். ஒருத்தர் ஃபயர்வால் எழுதிக் கொண்டு வர்றார். வைரஸ் அனுப்பிப் பார்த்தோம், தடுத்துச்சு. டெஸ்ட் பாஸ். அப்புறம் பார்த்தா அது எல்லாத்தையும் தடுக்குது. ஈமெயிலைத் தடுக்குது, பிரவுசரைத் தடுக்குது. அது ஃபயர்வால் இல்லை, ஒயரைப் பிடுங்கிப் போட்ட மாதிரி. டேனின் நிறைஞ்ச இலைச் சாறு லைபேஸைத் தடுக்கலைன்னாத்தான் ஆச்சரியம். அதே சாறு மாவுச்சத்தை வெட்டற என்சைமையும் தடுக்கும், புரதத்தை வெட்டற என்சைமையும் தடுக்கும். சோதனைக் குழாய்க்குள் நடந்தது மருந்து வேலையா, தோல் பதனிடற வேலையான்னு அந்த ஒரு டெஸ்டை வச்சு சொல்லவே முடியாது.

பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. சாற்றிலிருந்து டேனினை மட்டும் எடுத்துட்டு மிச்சத்துக்கு இன்னும் அந்த வேலை இருக்கான்னு பார்க்கணும். டேனினைப் பிடிச்சு எடுக்கறதுக்கு இப்போ ஆய்வகங்களில் பிவிபிபி என்ற ஒரு பாலிமர் தூள் போடறாங்க. அது இல்லாத காலத்தில் எது? அதே தோல் தூள். நூறு வருஷத்துக்கு முன்னாடி பட்டைக்கு விலை போட டேனரி வேதியியலாளர்கள் வச்சிருந்த கருவிதான், இன்னைக்கு ஒரு இலைப் பொடி மருந்தா இல்லையான்னு கேட்கறதுக்கான முதல் கேள்வி. எங்க ஊர்க்காரங்களுக்கு இந்தக் கேள்வி மத்தவங்களை விட முன்னாடியே தோணியிருக்கணும்!

நல்லாச் செஞ்ச ஆய்வுகளும் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆவாரையையே எடுத்துக்கலாம். 2013-ல் வந்த ஒரு கட்டுரை ஆவாரைச் சாறு கணைய லைபேஸைத் தடுக்கறதைக் காட்டினதோட நிக்காம, அதில் எந்தப் பொருள் அதைச் செய்யுதுன்னு பிரிச்சு எடுத்துப் பார்த்தது. கேம்ப்ஃபெரால் ருட்டினோசைடுன்னு ஒரு பொருள் கிடைச்சது. டேனின் மாதிரி கண்டதையும் பிடிக்கற வகை இல்லை அது. இப்படித்தான் செய்யணும். ஆனா அதுவும் சோதனைக் குழாய்தான். அதுக்கு முன்னாடி, 2002-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆவாரம்பூச் சாறு சர்க்கரையைக் குறைக்குதுன்னு ஒரு ஆய்வு வந்தது. அது எலியில். எங்க அப்பா சோதனைக் குழாயும் இல்லை, எலியும் இல்லை.

லைபேஸைத் தடுக்கற ஒரு பொருள் மனுஷ மருந்தா ஆகறதுக்கு என்ன ஆகும்னு பார்க்க ஒரு நல்ல உதாரணம் ஆர்லிஸ்டாட். மண்ணில் வாழற ஒரு பாக்டீரியாவிலிருந்து லிப்ஸ்டாட்டின் என்ற பொருளை 1987-ல் ரோஷ் கம்பெனி விஞ்ஞானிகள் அறிவிச்சாங்க. அதைக் கொஞ்சம் மாத்தி எடுத்த ஆர்லிஸ்டாட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது 1999-ல். நடுவில் 12 வருஷம். அது லைபேஸோட வெட்டற இடத்திலேயே போய் ஒட்டிக்கும். சாப்பாட்டில் இருக்கற கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை வெளியேத்தும். எண்ணெய் எண்ணெயா வெளியே போகும், வைட்டமின் ஏ, டி, ஈ, கே கூட போயிடும். பலன்? 3,305 பேரை வச்சு நாலு வருஷம் பார்த்த ஆய்வோட முடிவு 2004-ல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவங்க சராசரியா 5.8 கிலோ குறைஞ்சாங்க. வெத்து மாத்திரையோட சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவங்க 3 கிலோ. நாலு வருஷத்தில் வித்தியாசம் மூணு கிலோ கூட இல்லை. குறி பார்த்து அடிக்கற மருந்துக்கே கதி இதுன்னா, ஒரு ஸ்பூன் பொடி?

அதுவும் அந்தப் பொடி குடலுக்கு எப்படிப் போகுதுன்னு பாருங்க. முதலில் எச்சில் புரதம் ஒரு பங்கு டேனினைப் பிடிச்சுக்கும். அப்பா கலக்கறது மோரில். மோரில் இருக்கற கேசீன் டேனினுக்கு ரொம்பப் பிடிச்ச புரதம். டம்ளரிலேயே கல்யாணம் முடிஞ்சுடும். மிச்சம் மீதி போய் இறங்கற இடத்தில் பிரியாணி ஆட்டுக்கறி உட்கார்ந்திருக்கு, அதுவும் புரதம். இதெல்லாம் தாண்டி லைபேஸைத் தேடிப் போக டேனினுக்கு வேலை வெட்டி இல்லையா என்ன?

*

ஆனா இதையெல்லாம் படிச்சு முடிச்சப்புறமும் அப்பா சொன்ன ஒரு வார்த்தை மனசை விட்டுப் போகலை. "அந்தக் கெமிக்கல் வேற எதுக்கு?" அந்த வார்த்தை வாட்ஸப்பில் வந்ததில்லை. அது பாலாற்றிலிருந்து வந்தது.

குரோமியம் உப்பில் தோல் பதனிடற முறை அமெரிக்காவில் 1884-ல் காப்புரிமை வாங்கினது. வாரக்கணக்கில் குழியில் ஊறின தோல் ஒரு நாளில் முடிஞ்சது. 1900-களின் ஆரம்பத்தில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் மெட்ராசில் அதைச் செஞ்சு பார்த்தார். பல்லாவரம் பக்கத்தில் வந்த குரோம் தோல் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பேர். ஆனாலும் எங்க பக்கம் ரொம்ப வருஷம் பட்டையே ஓடிச்சு. 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. நடுவில் ஆவாரம்பட்டை போதாம தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது. அதை இங்கேயே வளர்க்கலாம்னு நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் நட்ட சீகை மரம் இன்னைக்கு சோலைப் புல்வெளியைத் தின்னுக்கிட்டிருக்கு. அது தனிக் கதை.

பெரிய திருப்பம் 1970-களில். 1972-ல் சீதாராமையா கமிட்டி, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி பண்ணாதீங்க, முடிச்ச தோலா, செருப்பா, பையா அனுப்புங்கன்னு சொன்னது. அடுத்த வருஷமே கட்டுப்பாடு வந்தது. நல்ல எண்ணம்தான், வேலையும் அந்நியச் செலாவணியும் பெருகிச்சு. ஆனா அந்த வேகத்தில் பட்டைக் குழிகள் குறைஞ்சு குரோம் டிரம்கள் சுத்த ஆரம்பிச்சது. தாத்தா குழியை விட்டு மேலே ஏறினது அப்போதான்.

பாலாறு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டேனரிப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ பயிரிட லாயக்கில்லாமல் போனதா அதில் பதிவாகியிருக்கு. ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர்னும் இருக்கு. மாசுபடுத்தினவனே செலவை ஏத்துக்கணும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியா உட்கார்ந்தது அந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரிப் பசங்களுக்கு 'வேலூர்'னா கோட்டை இல்லை, இந்த வழக்கு. 2025 ஜனவரியிலும் அதே பாலாறு, அதே நீதிமன்றம், நஷ்ட ஈடு கொடுங்கன்னு இன்னொரு தீர்ப்பு. ராணிப்பேட்டையில் 90-களில் மூடின அரசு குரோமேட் ஆலை விட்டுட்டுப் போன குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல்.

கிணத்துத் தண்ணி நிறம் மாறினதைக் கண்ணால் பார்த்த தலைமுறை எங்க அப்பாவுது. அவருக்கு 'கெமிக்கல்'னா பயம் வராம வேற என்ன வரும்? இலைன்னா நம்பிக்கை வரத்தான் செய்யும். அதை அறியாமைன்னு சிரிக்க என்னால முடியலை. அந்த பயத்தைச் சம்பாதிச்சுக் கொடுத்தது இந்த ஊர்.

ஆனா ஒரு விஷயம் அவர் மறந்துட்டார். இலையும் பட்டையும் சாதுவான பொருள் இல்லை. தாத்தா கையை அப்படி ஆக்கினது எந்த இங்கிலீஷ் மருந்தும் இல்லை, சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும்தான். மாட்டுத் தோலை வருஷக்கணக்கில் அழுகாம நிறுத்தற சக்தி உள்ள பொருள் அது. சக்தி இருக்கறதாலதான் அளவு கேட்கணும், யாருக்குன்னு கேட்கணும், எந்த மாத்திரைக்குப் பதிலான்னு கேட்கணும்.

*

போன வாரம் திரும்ப ஊருக்குப் போனேன். அப்பாகிட்ட டேவி, பெர்னார்ட் எல்லாம் சொல்லலை. தாத்தா குழியைப் பத்திக் கேட்டேன். அவரே ஆரம்பிச்சு, நீர்த்த தண்ணி, கெட்டித் தண்ணி, கடுக்காய்னு அரை மணி நேரம் பேசினார். பேசி முடிச்சதும் சொன்னேன்: "அப்பா, அந்தப் பட்டைதான் இந்த டப்பாவுலயும் இருக்கு."

கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தார்.

அப்புறம் மாத்திரை அட்டையை எடுத்து இன்னொரு கதை சொன்னேன். அவர் ஒதுக்கி வச்சது மெட்ஃபார்மின். அதோட பூர்வீகமும் ஒரு செடிதான். கலேகான்னு ஐரோப்பாவில் வளர்ற பயறு வகைச் செடி. அதில் சர்க்கரையைக் குறைக்கற பொருள் இருந்தது, கூடவே விஷமும் இருந்தது. 1922-ல் மெட்ஃபார்மினை ஆய்வகத்தில் செஞ்சாங்க. 1957-ல் பாரிசில் ஜான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அமெரிக்கா அனுமதிச்சது 1994-ல். செடியிலிருந்து மாத்திரைக்கு வர அவ்வளவு காலம், அவ்வளவு சோதனை. ஆவாரை அந்தப் பாதையில் இப்போதான் முதல் கிலோமீட்டர் கல்லைத் தாண்டியிருக்கு.

"அப்போ ரெண்டும் செடிதான்ற?" என்றார்.

"ரெண்டும் செடிதான். ஒண்ணு பரீட்சை எழுதி பாஸ் பண்ணிடுச்சு. இன்னொண்ணு இப்போதான் ஸ்கூல்ல சேர்ந்திருக்கு."

சிரிச்சார். அடுத்த நாள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மூணு வாரத்தில் சர்க்கரை நல்லாவே ஏறியிருந்தது. மாத்திரை திரும்ப ஆரம்பிச்சாச்சு. பொடியைப் பத்தியும் டாக்டர்கிட்டயே கேட்டோம். சர்க்கரை கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் வேண்டாம்னார். டப்பா இன்னும் ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு. அப்பா தூக்கிப் போட மாட்டார், எனக்குத் தெரியும்.

பிரியாணி மாசத்துக்கு ரெண்டு தடவைன்னு ஒப்பந்தம். அதைத் தடுக்கற மருந்து இந்த ஊர்ல இன்னும் கண்டுபிடிக்கலை.

பி.கு: உங்க வீட்லயும் ஃப்ரிட்ஜ் மேல ஒரு டப்பா இருக்கலாம். அதைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்ல வரலை. பக்கத்துல இருக்கற மாத்திரை அட்டையை மட்டும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க.